முப்பதுக்குப் போனேன், ஐந்தில் மாட்டிக்கொண்டேன்

முதல் நாளுக்கு முந்தைய இரவு

வந்து சேர்ந்தாயிற்று. பையை இன்னும் பிரிக்கவில்லை, தம்பி அதற்குள் குறட்டை விடுகிறான், எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் நானும் அவனும் ஸ்கூபா டைவிங்கின் முதல் படியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தோம். அதற்குக் கிடைக்கும் சான்று அட்டையை வைத்துக்கொண்டு 18 மீட்டர் வரைக்கும் இறங்கலாம். அதற்குக் கீழே என்ன கிடந்தாலும் மேலேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். அடுத்த படி அட்வான்ஸ்டு, அதில் 30 மீட்டர். எனக்கு அந்த 30 வேண்டும். வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை, சும்மா சொல்லிக்கொள்ளத்தான்.

பெயர்தான் பெரிதாக இருக்கிறது. நாங்கள் சேர்ந்திருப்பது பி.ஏ.டி.ஐ. என்ற டைவிங் பயிற்சி நிறுவனத்தின் முறைப்படி நடக்கும் கோர்ஸ், மொத்தமே 5 டைவ். ஆழ டைவும், நீருக்கடியில் திசைகாட்டி வைத்து வழி கண்டுபிடிக்கும் டைவும் கட்டாயம். மீதி மூன்றை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கடைசியில் பரீட்சை கிடையாது, ஒவ்வொரு டைவுக்கும் முன்னால் அந்தந்தப் பாடத்தைப் படித்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் போதும். இரவு டைவ், நீரோட்டத்தோடு போகும் டைவ், இரண்டும் நான் கேட்டவை. மூன்றாவதாக மிதப்பு டைவ் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சியாளர் சொன்னார் (நாங்கள் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம்). நீருக்குள் ஏறாமல் இறங்காமல் ஒரே இடத்தில் நிற்கப் பழகுவதுதான் மிதப்பு டைவ். அதெல்லாம் எனக்கு வருமே மாஸ்டர், என்றேன். அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

நாள் 1

மிதப்பு என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு அர்த்தம் இருக்கிறது அல்லவா, இன்று காலை எனக்கு இருந்தது அந்த மிதப்புதான்.

படகில் மாஸ்டர் கேட்டார், வழக்கமாக எத்தனை கிலோ ஈயம் கட்டுவீர்கள் என்று. நான்கு, என்றேன். போன வருடம் மெல்லிய உடுப்பு, இந்தத் தடவை 5 மில்லிமீட்டர் தடிமன். தடிமன் கூடக்கூட மிதக்கும், அதை அமுக்க ஈயமும் கூட வேண்டும். தெரியும். ஆனால் குறைந்த ஈயத்தோடு இறங்குகிறவர்தான் நல்ல டைவர் என்று எங்கேயோ கேட்டது மண்டையில் உட்கார்ந்திருந்தது. சரி, பார்ப்போம், என்றார் அவர். அந்த ‘பார்ப்போம்’ எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இறங்குவதில் பிரச்சினையே இல்லை. 8 மீட்டர், அடியில் மணல், நடுவே சின்னச் சின்னப் பாறைகள். சம்மணம் போட்டு அந்தரத்தில் நிற்கச் சொன்னார். தம்பி புத்தர் மாதிரி நின்றான். நான் எழுந்தேன், விழுந்தேன், எழுந்தேன். மூச்சை இழுத்தால் உடனே ஏறுவதில்லை, இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் உடம்பு நகரத் தொடங்குகிறது. அது தெரியாமல், ஏறவில்லையே என்று இன்னும் கொஞ்சம் இழுக்கிறோம், அப்புறம் ஒரேயடியாகக் கிளம்புகிறது. அவசரமாகக் காற்றை விடுகிறோம், பொத்தென்று மணலில் உட்காருகிறோம். மாஸ்டர் என் எதிரே வந்து தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி மிக மெதுவாக மூச்சு விட்டுக் காண்பித்தார், கைக்குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல. பத்து நிமிடம் கழித்து எனக்கும் ஓரளவு பிடிபட்டது. ஒரு சின்ன மீன் என் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று என்னைப் பார்த்தது. அது துடுப்பைக் கூட அசைக்கவில்லை. பொறாமையாக இருந்தது.

கடைசியில்தான் விஷயம். மேலே வருவதற்கு முன், உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும், பாதுகாப்பு நிறுத்தம். நின்றேன். முதல் நிமிடம் சரி. அதற்கப்புறம் கால் தானாக மேலே போகிறது, மிதப்பைக் கூட்டக் குறைக்கக் காற்றடைக்கும் ஜாக்கெட்டில் இருந்ததையெல்லாம் வெளியே விட்டாயிற்று, இன்னும் போகிறேன், தலைகீழாக உதைத்துப் பார்த்தேன், பலிக்கவில்லை. மூச்சை மட்டும் அடக்கக் கூடாது என்ற முதல் விதி ஞாபகம் இருந்தது, ஊதிக்கொண்டே போனேன். கார்க் மாதிரி மேலே வந்து விழுந்தேன். கீழே எட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் அங்கேயே நின்றுகொண்டு அண்ணாந்து என்னைப் பார்க்கிறார்கள்.

காரணம் காற்றின் எடையாம். 11 லிட்டர் டேங்கில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று இரண்டரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். 50 பார் மிச்சம் வைத்து மேலே வரும்போது கிட்டத்தட்ட 2 கிலோவை மூச்சாக விட்டுத் தீர்த்திருக்கிறோம். முழு டேங்கோடு சரியாக இறங்குகிற எடை, டைவ் முடிவில் போதாது. இதைக் கரையிலேயே சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன், மறந்திருப்பேன். அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

மதியம் திசைகாட்டி டைவ். விரைவாகச் சொல்லிவிடுகிறேன், பெருமைப்பட ஒன்றும் இல்லை. மணிக்கட்டில் திசைகாட்டி. 40 பாகையில் நேராகப் போ, 130-க்குத் திரும்பு, 220, 310, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர். ஒவ்வொரு பக்கத்துக்கும் 20 முறை காலை உதைக்க வேண்டும். கண்ணை ஊசியிலிருந்து எடுக்காமல் போனேன், அதனால் ஆழத்தைப் பார்க்கவில்லை, மூன்றாவது திருப்பத்தில் வெளிச்சம் அதிகமாக இருக்கிறதே என்று நிமிர்ந்தால் தலை தண்ணீருக்கு வெளியே இருக்கிறது. படகு எங்கேயோ.

“அக்கா, சதுரம் போடச் சொன்னா நீ ‘ஞ’ போட்டிருக்க” என்றான் தம்பி.

நாளை மறுபடி செய்ய வேண்டும். டைவில் கூடவே நீந்தும் துணையை இவர்கள் பட்டி என்கிறார்கள், ஆட்டுப்பட்டி இல்லை, வேறு பட்டி. என் பட்டி என் தம்பி. ஆபத்தில் காற்றைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய ஆள். இன்று அவன் சிரித்த சிரிப்புக்கு நான் அவனுக்கு ஒரு மூச்சு கூடக் கொடுக்க மாட்டேன்.

நாள் 2

30.

சரியாகச் சொன்னால் 29.4. மணிக்கட்டில் கட்டியிருக்கும், ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரில் பார்த்தேன், படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

காலையில் படகில் முதலில் ஒரு விளையாட்டு. பலகையில் 1 முதல் 25 வரை எண்கள் தாறுமாறாக எழுதியிருக்கின்றன, வரிசையாகத் தொட வேண்டும். எனக்கு 31 நொடி, தம்பிக்கு 28. இதையே கீழே போய்ச் செய்வோம், என்றார் மாஸ்டர். ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடி தன் ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டார்.

கயிற்றை ஒட்டி இறங்கினோம். 10 மீட்டரில் பாட்டில் ஒடுங்கியது, 20-இல் நசுங்கியது, கீழே போய்ச் சேர்ந்தபோது பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் வளிமண்டல அழுத்தம் ஒன்று கூடுகிறது. 30 மீட்டரில் மொத்தம் நான்கு, அதனால் பாட்டிலுக்குள் இருந்த காற்று கால் பங்காகச் சுருங்கிவிட்டது. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அங்கே நான்கு மூச்சின் செலவு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிற ஆள் அங்கே 80 லிட்டர் இழுக்கிறார், டேங்கில் இருப்பதோ மொத்தம் 2200 லிட்டர் சொச்சம். அரை மணி நேரம் கூட வராது. அதைத் தவிர உடம்பில் கரையும் நைட்ரஜனின் கணக்கு வேறு, 30 மீட்டரில் அட்டவணைப்படி 20 நிமிடம்தான் இருக்கலாம்.

சரி, அங்கே என்ன இருந்தது? நீலம். அவ்வளவுதான். கொஞ்சம் மணல், ஒரு பெரிய பாறை, ஏதோ யோசனையில் ஒரு மீன். என் நகத்தில் நல்ல சிவப்புப் பாலிஷ், கீழே பார்த்தால் கறுப்பு. தண்ணீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு என்று படித்திருந்தேன், ஆனால் சொந்த விரலைப் பார்த்து ‘அடிபட்டுவிட்டதோ’ என்று ஒரு கணம் பதறினேன். மாஸ்டர் டார்ச்சை அடித்தார், பத்து நகமும் ஒரே நொடியில் பளிச்சென்று சிவந்தன.

பலகை. 16 வரைக்கும் சுலபமாக வந்தேன். 17-ஐக் காணோம். பலகையில் 17 என்று ஒன்று இல்லவே இல்லை, இவர் அழித்துவிட்டார், என்னைச் சோதிக்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது, அவரை ஒரு மாதிரி பார்த்து விரலை ஆட்டினேன். அவர் என் விரலைப் பிடித்து அதற்கு நேர் கீழே வைத்தார். 17. 52 நொடி. தம்பி பாதியிலேயே, வாயில் கவ்வி மூச்சு விடும் ரெகுலேட்டருக்குள் கெக்கெக்கே என்று சிரிக்க ஆரம்பித்து, முடிக்கவே இல்லை. அழுத்தம் கூடும்போது நைட்ரஜன் மூளைக்குப் போதை ஏற்றுவது இப்படித்தான். பயமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, ரொம்பத் தெளிவாக இருப்பதாகத்தான் தோன்றுகிறது, அதுதான் அதில் பயம். சில மீட்டர் ஏறியதுமே மண்டை கழுவி விட்டது போல் ஆனது.

இனிமேல்தான் நான் எழுத நினைத்தது. 30-இல் நிற்பது எனக்குச் சுலபமாக இருந்தது! நேற்று 8 மீட்டரில் தவளை மாதிரி குதித்த ஆள் நான், அங்கே அசையாமல் நின்றேன். திறமை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். 5 மீட்டர் நிறுத்தத்துக்கு வந்ததும் குட்டு வெளிப்பட்டது. 6.3, 4.1, 5.8, 3.7, கம்ப்யூட்டர் கத்துகிறது. கடைசியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பஸ் கம்பியில் தொங்குவது போல் மூன்று நிமிடம் தொங்கினேன்.

படகில் மாஸ்டரிடம் கேட்டபோது அவர் ஒரு கணக்குப் போட்டார். 30-இலிருந்து 20-க்கு வந்தால் அழுத்தம் நான்கிலிருந்து மூன்றாகிறது, ஜாக்கெட்டில் இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். 10-இலிருந்து மேலே வந்தால் இரண்டிலிருந்து ஒன்று, அதே காற்று இரண்டு மடங்கு. அதே 10 மீட்டர்தான். மேலே வர வர ஒவ்வொரு அடிக்கும் அதிகமாக ஊதுகிறது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று சொன்னவர் டைவ் அடித்ததில்லை. ஒரு சாணுக்கே ஜாக்கெட் உப்பி ஆளைத் தூக்குகிறது, அதுவும் தலைக்குப் பக்கத்தில் இருக்கிற சாண்தான் மோசம்.

அப்படியென்றால் நான் ஆசைப்பட்டு வந்த 30, இந்தக் கோர்ஸிலேயே சுலபமான இடம்.

மதியம் சதுரம் மறுபடி. இந்தத் தடவை ஊசியை ஒரு பார்வை, ஆழத்தை ஒரு பார்வை என்று மாற்றி மாற்றி. திசைகாட்டியைச் சாய்த்துப் பிடித்தால் ஊசி தட்டி நின்றுவிடுகிறது, நேற்று பாதிக் கோளாறு அதுதான் என்று இன்று கண்டுபிடித்தேன். மணலில் இருக்கும் வரிகள் பெரும்பாலும் கரைக்கு இணையாக ஓடும் என்பதும் உதவியது. கிளம்பிய பாறையிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி வந்து சேர்ந்தேன். தம்பி தண்ணீருக்குள் கை தட்டினான். சத்தம் வரவில்லை, ஆனால் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

நாள் 3

பகலெல்லாம் சும்மா இருந்தோம். பாடத்தைப் படித்தேன். முந்தாநாள் ஆட்டுப்பட்டி இல்லை என்று எழுதினேனே, வாபஸ் வாங்குகிறேன். 1908-இல் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் தன் சகாக்களோடு சேர்ந்து, ஆழத்திலிருந்து எப்படிப் படிப்படியாக மேலே வருவது என்பதற்கு முதல் அட்டவணைகளை வெளியிட்டார். அந்தச் சோதனைகளை எதை வைத்துச் செய்தார்? ஆடுகளை. அழுத்த அறைக்குள் ஆடுகளை அடைத்து, அழுத்தத்தைக் குறைத்ததும் நைட்ரஜன் குமிழால் எது நொண்டுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். நம் மணிக்கட்டில் கத்தும் கம்ப்யூட்டருக்கு மூதாதை ஒரு நொண்டி ஆடு. தம்பியிடம் சொன்னேன், “அதான் நீ நேத்து கயிறு கட்டி நின்ன” என்றான்.

இரவு டைவ். எல்லோரும் பயமாக இல்லையா என்று கேட்கிறார்கள். படகு ஓரத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தபோது இருந்தது, கறுப்பு மையில் காலை விடுவது மாதிரி. உள்ளே போனதும் போய்விட்டது, ஏனென்றால் பார்ப்பதற்கு டார்ச் வட்டம் மட்டும்தான் இருக்கிறது, கவனம் தானாக அதற்குள் ஒடுங்கிவிடுகிறது. பகலில் பத்துப் பாறைகளை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவோம். இன்று ஒரே பாறையில் கால் மணி நேரம். இடுக்கில் எல்லாம் இறாலின் கண்கள் சிவப்புப் புள்ளிகளாகத் திருப்பி மின்னின. ஒரு கிளிமீன் தன் வாயிலிருந்து சுரந்த சளியை உறை மாதிரி சுற்றிக்கொண்டு அதற்குள் தூங்குகிறது. கண்ணாடிக் காகிதத்தில் சுற்றிய மாதிரி, உறையின் மேல் மணல் துகள்கள் ஒட்டியிருந்தன, செவுள் மெல்ல ஏறி இறங்கியது. டார்ச்சை நேராக அடிக்காதே என்று மாஸ்டர் என் கையைத் தள்ளினார். தூங்குகிறவரின் அறைக்குள் லைட் போட்ட குற்ற உணர்வு.

பேச்சும் டார்ச்சில்தான். மெதுவாக வட்டம் போட்டால் சரி என்று அர்த்தம், வேகமாகப் பக்கவாட்டில் ஆட்டினால் ஏதோ பிரச்சினை. தம்பி ஒரு சின்ன ஆக்டோபஸைப் பார்த்த பரவசத்தில் பக்கவாட்டில் ஆட்டி எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைத்தான்.

அப்புறம் டார்ச்சுகளை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொள்ளச் சொன்னார். கும்மிருட்டு. கையை வீசினேன், விரல் இடுக்குகளிலிருந்து பச்சை நீலப் பொறிகள் பறந்தன. அசைத்தால் ஒளிரும் நுண்ணுயிர்கள். தம்பி எங்கே என்று தெரியவில்லை, ஆனால் அவன் கை ஆட்டும் இடத்தில் பொறி பறந்தது. இதைப் பற்றி இன்னும் எழுதினால் கெடுத்துவிடுவேன்.

5 மீட்டர் நிறுத்தம்: கீழும் தெரியவில்லை, மேலும் தெரியவில்லை. ஏறுகிறேனா இறங்குகிறேனா என்று உடம்புக்குத் தெரியாது, காது மட்டும்தான் சொல்லும். கயிறு இருந்தது. பிடித்துக்கொள்ளவில்லை, விரலை வளையம் மாதிரி வைத்துக் கயிறு நடுவே ஓட விட்டேன். நான்கு தடவை தொட்டேன்.

நாள் 4

கடைசி டைவ். நீரோட்டம் நொடிக்கு அரை மீட்டர் இருக்கலாம் என்றார். கேட்கச் சின்ன எண். காலை அசைக்காமலே பாறைச்சுவர் ஜன்னலோரக் காட்சி மாதிரி ஓடுகிறது, ஏதாவது ஒன்று பிடித்திருந்தால் நின்று பார்க்க வழியில்லை, திரும்பிப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். சோம்பேறிகளுக்கென்றே கண்டுபிடித்த டைவ். எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முடிவில் மிதவைக் குழாய் விட வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் நீளமான பை, அதற்குள் கொஞ்சம் காற்றை ஊதிவிட்டால் மேலே போய் நிமிர்ந்து நிற்கும், அதைப் பார்த்துப் படகு நம்மைத் தேடி வரும். நம் கையில் நூல் சுற்று. நான் ஊதினேன், பை கிளம்பியது, சுற்று இரண்டு தடவை சுழன்று சிக்கிக்கொண்டது. பையோடு நானும் கிளம்பினேன். நேற்று முன்தினமாக இருந்தால் மேலே போய்த்தான் நின்றிருப்பேன். கையை விட்டேன். அவ்வளவுதான் செய்ய வேண்டியது, சுற்றை விட்டுவிட வேண்டும், பை போனால் போகட்டும். 3.9-இல் நின்று, மூச்சை விட்டு, மெல்ல 5-க்கு இறங்கினேன். தம்பி அவன் பையைச் சுத்தமாக விட்டான், அது எங்கள் இருவருக்கும் போதும்.

இந்தத் தடவை பிடித்துக்கொள்ளக் கயிறு இல்லை. அடி தெரியவில்லை, பாறை இல்லை, சுற்றிலும் நீலம், எல்லோரும் ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டு போவதால் நகர்வதே தெரியவில்லை. இடுப்பில் 6 கிலோ. கண்ணைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, இழுப்பது, பொறுப்பது, விடுவது. ஏறுவதற்கு முன்பே விட வேண்டும், இறங்குவதற்கு முன்பே இழுக்க வேண்டும். 5.1. 4.8. 5.0. 5.2. தம்பி எனக்கு எதிரே அதே உயரத்தில் நின்றான், அவன் கண்ணாடிக்குள் கண் மட்டும் தெரிந்தது. நிமிடக் கணக்கு மூன்றிலிருந்து இரண்டு, ஒன்று, பூஜ்யம். மாஸ்டர் கட்டை விரலை மேலே காட்டினார், போகலாம் என்று. எனக்குப் போக மனசில்லை.

நாள் 5

இன்று தண்ணீர் இல்லை. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால் விமானம் ஏற குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 2000 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பது போலத்தான் இருக்கும், உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழ் விடலாம். அதனால் துவைத்த உடுப்புகளைக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். படுத்தால் கட்டில் இன்னும் ஆடுகிறது.

அட்டை மின்னஞ்சலில் வந்துவிட்டது. படத்தில் கண்ணாடி அழுத்திய தழும்போடு நான்.

டைவ் பதிவேட்டில் ஒவ்வொரு டைவுக்கும் பட்டி கையெழுத்துப் போட வேண்டும், இருவரும் நோட்டை மாற்றிக்கொண்டு எழுதினோம். நான் அவனுக்கு ஆழ டைவில் ‘சிரித்தான், எண்ணவில்லை’ என்று எழுதினேன். அவன் என் நோட்டை வெகு நேரம் வைத்திருந்தான். வாங்கிப் பார்த்தால் மற்ற டைவுகளுக்கெல்லாம் வெறும் கையெழுத்து. கடைசி டைவில், குறிப்புகள் என்ற இடத்தில், ஒரு வரி: ‘அக்கா மேலே போகவில்லை.’